ஸ்டாக்ஹோம் நகர மண்டபம்: நீல ஹாலில் நீலம் எங்கே?

#1 வழிப்போக்கன்77

மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. தினமும் ஏரிக்கரையில் நடக்கும்போது எதிரே அந்தச் சிவப்புக் கட்டடம், உச்சியில் மூன்று கிரீடம் வைத்த கோபுரம். நோபல் விருந்து நடக்கிற இடம் ஆயிற்றே, உள்ளே பார்க்காமல் ஊருக்குப் போகக் கூடாது என்று நேற்றுப் போய்விட்டு வந்தேன். சும்மா நுழைய முடியாது, கைடோடு கூட்டமாகப் போனால்தான் உண்டு. முக்கால் மணி நேரம்.

முதலில் நீல ஹால். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், நான்கு பக்கமும் செங்கல். பூச்சுகூட இல்லை. "நீலம் எங்கேம்மா?" என்று மகளிடம் கேட்டால் "பொறுங்கப்பா, சொல்வார்" என்கிறாள். கைடு சொன்ன கதை இதுதான்: கட்டடத்தை வடிவமைத்த ராக்னர் ஓஸ்ட்பெர்க் முதலில் சுவர் முழுக்கப் பூசி நீல நிறம் அடிப்பதாகத்தான் இருந்தாராம். செங்கல் எழும்பி நின்றதும் அதன் நிறம் பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். அதற்குள் நீல ஹால் என்ற பெயர் எல்லார் வாயிலும் பழகிவிட்டது. ஆறு வற்றிப் போன பிறகும் நம்மூரில் ஆற்றங்கரைத் தெரு என்றுதானே சொல்கிறோம், அந்த மாதிரி.

சரி, மாடியில் தங்க ஹால் இருக்கிறது, அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று போனால் கண் கூசுகிறது. அட்சய திருதியைக்கு எல்லா விளக்கையும் போட்டு வைத்த நகைக்கடை மாதிரி நான்கு சுவரும் தங்கம். கோடிச் சுவரில் ஒரு ராணி, முட்டைக் கண், பாம்பாக நெளியும் முடி, பெரிய பெரிய கை. கட்டி முடிக்காத வீட்டு முன்னால் கட்டுகிற திருஷ்டி பொம்மைதான் ஞாபகம் வந்தது.

எல்லாரும் வாயைப் பிளந்து போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். திட்டுவதானாலும் பரவாயில்லை.

#2 சும்மா பார்க்கிறவன்

ஐயா, நீல ஹாலில் நீலம் இல்லை என்று குறை. தங்க ஹாலில் தங்கம் இருக்கிறது என்று குறை. உங்களுக்கு என்னதான் வேண்டும்?

#3 பனிக்கால அணில்

ஒன்பது வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன். ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கேதான் கூட்டிப் போவேன், அதனால் கைடு பேசுவது பாதி மனப்பாடம். வழிப்போக்கன் ஐயா, அந்த ராணி விஷயத்தில் நீங்கள் தனியாள் இல்லை. 1923இல் திறந்தபோதே உள்ளூர்க்காரர்கள் இதையேதான் சொன்னார்கள். கண் பெரிது, கை பெரிது, முடி பாம்பு. பெயர் மேலாரன் ராணி, மேலாரன் என்பது நீங்கள் தினமும் நடக்கிற அதே ஏரி. மடியில் வைத்திருக்கிறாளே, அதுதான் ஸ்டாக்ஹோம். ஒரு பக்கத்திலிருந்து மேற்கு நாடுகளும் மறுபக்கத்திலிருந்து கீழை நாடுகளும் அவளுக்கு மரியாதை செலுத்துகிற மாதிரி. ஐஃபல் கோபுரம், சுதந்திர தேவி சிலை எல்லாம் ஒரு பக்கம் வரும். மறுபக்கம் துருக்கிக் கொடி, அப்புறம் யானை. யானையைப் பார்த்தீர்களா? நம் பக்கத்துக்கு அவர்கள் கொடுத்த இடம் அதுதான்.

இன்னொன்று. எதிர்ச் சுவரில் மேலே குதிரைமேல் ஒருவர் இருக்கிறார், தலை இருக்காது. புனித எரிக், இந்த ஊருக்குக் காவல் தெய்வம் மாதிரி. அளவு தப்பிப்போய், படம் மேலே ஏறும்போது தலைக்கு இடம் இல்லாமல் கூரை வந்துவிட்டது என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். எரிக் மன்னர் தலை வெட்டப்பட்டுச் செத்தவர்தானே, அதனால் தப்பில்லை என்று ஒரு சமாளிப்பும் உண்டு.

ஓவியர் ஐனர் ஃபோர்செத் தங்க ஹால் படங்களை வரைந்தபோது முப்பது வயதுகூட ஆகவில்லை. பழைய பைசாந்தியப் பேரரசுத் தேவாலயங்களில் வருகிற மொசைக் பாணி, சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டு ஒட்டிப் படம் ஆக்குவது. அந்தப் பாணியில் கண் அப்படித்தான் இருக்கும், அது தெரியாமல் பார்த்தால் திருஷ்டி பொம்மைதான்.

#4 கணக்குப்பிள்ளை

தங்க ஹாலில் 1 கோடியே 80 லட்சம் துண்டுக்கு மேல் என்கிறார்கள். வேலை ஏறக்குறைய இரண்டு வருடம். 730 நாள் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 24 ஆயிரத்துச் சொச்சம் துண்டு, ஞாயிற்றுக்கிழமை லீவு கூடக் கிடையாது. நம்புகிற மாதிரி இல்லையே?

#5 கொத்தனார் மகன்

நம்பலாம் சார். ஒவ்வொரு துண்டாகச் சுவரில் ஏறி ஒட்டினால்தான் நீங்கள் சொல்கிற சிக்கல். இது பெர்லினில் பூல் அண்ட் வாக்னர் என்ற பட்டறையில் செய்தது. அந்தக் காலத்து ஜெர்மன் பட்டறைகளில் ஒரு முறை உண்டு. படத்தை இடவலம் மாற்றிக் காகிதத்தில் வரைந்து, கண்ணாடித் துண்டுகளின் முகம் காகிதத்தைப் பார்க்கிற மாதிரி ஒட்டி, தாள் தாளாக வெட்டி எண் போட்டு அனுப்பிவிடுவார்கள். இங்கே சாந்து பூசி, தாளோடு அழுத்தி, காய்ந்ததும் காகிதத்தை நனைத்து உரித்தால் படம் வெளியே வரும். நீச்சல் குளத்துக்குக் கண்ணாடி மொசைக் ஒட்டுகிறோமே, முகத்தில் காகிதம் ஒட்டின தாள் வரும், அதே வித்தைதான். பட்டறையில் நூறு கை ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். எரிக்கின் தலை காணாமல் போனது எப்படி என்றும் இப்போது புரிந்திருக்கும். படம் ஒரு நாட்டில், சுவர் இன்னொரு நாட்டில். எங்கள் சைட்டிலேயே கதவு ஒரு ஊரில் செய்து நிலை ஒரு ஊரில் செய்தால் அரை அங்குலம் இடிக்கும்.

தங்கமும் மேலே பூசினது இல்லை. இரண்டு கண்ணாடிக்கு நடுவே மெல்லிய தங்க ரேக்கு. அதனால்தான் நூறு வருடமாகக் கறுக்கவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதற்கில்லை. ஐயா "பூச்சுகூட இல்லை" என்று ஒரு வரியில் போய்விட்டீர்கள், அங்கேதான் எனக்குப் பொறுக்கவில்லை. போன வருடம் கம்பெனி வேலையாக ஸ்வீடன் போனபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். கூட்டம் கைடு பின்னால் போய்விட்டது, நான் சுவர்கிட்டே நின்றுவிட்டேன். அந்தச் செங்கல்லைத் தொட்டுப் பாருங்கள். சாதாரணச் செங்கல் முகம் வழவழப்பாக இருக்கும். இது பூரா கொத்தியிருக்கிறது. சுவர் கட்டி முடித்த பிறகு ஆள் வைத்துச் சுத்தியலால் ஒவ்வொரு கல்லின் முகத்தையும் பொடிப்பொடியாகக் கொத்தியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் வெல்வெட் துணி போர்த்தின மாதிரி ஒரு மென்மை வரும். கிட்டே போனால் ஒவ்வொரு கல்லிலும் கைத்தழும்பு.

எங்கள் தொழிலில் சுவரைக் கொத்தினால் மறுநாள் பூச்சு வரும் என்று அர்த்தம். பூச்சு பிடிக்கத்தானே கொத்துகிறோம். அப்பா 40 வருடம் கொத்தினார். அவர் கொத்தின ஒரு சுவரையும் யாரும் பார்த்ததில்லை, எல்லாம் சிமென்ட்டுக்குள்ளே போய்விட்டது. இங்கே கொத்தினதை அப்படியே விட்டு, அதன்கீழே ராஜாவை உட்காரவைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். எனக்கு அந்த நீல ஹாலே போதும், மாடிக்குப் போகாமல் இருந்திருந்தாலும் வருத்தப்பட்டிருக்க மாட்டேன்.

கட்டடம் மொத்தத்துக்கும் ஏறக்குறைய 80 லட்சம் செங்கல். நம்மூர்க் கல்லைவிடப் பெரிது, கருஞ்சிவப்பு. பழைய மடாலயங்களில் புழங்கின அளவு என்பதால் அதைத் துறவிச் செங்கல் என்கிறார்கள். சோடர்டேலியா பக்கம் லீனா என்ற சூளையிலிருந்து வந்தது. 1911இல் தொடங்கி 1923இல் முடித்தார்கள்.

#6 கணக்குப்பிள்ளை

தாளோடு ஒட்டுவது என்றால் கணக்கு உதைக்கவில்லை, வாபஸ். ஆனால் மொத்தத் தங்கமும் 10 கிலோதான் என்று எங்கோ படித்தேன். 1250 பவுன். நம்மூரில் சில கல்யாண மேடைகளில் இதற்குக் கிட்டத்தட்ட நிற்கும், சுவர் முழுக்க ஒட்டலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

#7 பனிக்கால அணில்

10 கிலோ என்றுதான் கைடுகளும் சொல்வார்கள்.

கொத்தனார் மகன், எத்தனை தடவை போயிருப்பேன், அந்தச் சுவரைத் தொட்டதே இல்லை. மாடிப்படியைத்தான் எல்லாருக்கும் காட்டுவேன். நோபல் வாங்கினவர்கள் இறங்கி வருகிற படி. பட்டுக் கவுனோடு தடுக்காமல் இறங்க வேண்டும் என்பதற்காக ஓஸ்ட்பெர்க் தன் மனைவியை நீளக் கவுன் போட்டு ஏறி இறங்கச் சொல்லி, படியின் உயரத்தை அதற்குத் தகுந்தபடி வைத்தாராம். கைடு சொல்கிற கதைதான், ஆனால் படி உண்மையிலேயே தாழ்வு. முழங்கால் வலிக்காரர்கள் சந்தோஷப்படுவார்கள்.

சந்திரசேகர் 1983இலும் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இலும் பரிசு வாங்கின அன்று இரவு விருந்துக்கு உட்கார்ந்தது இந்தச் செங்கல் சுவருக்குள்தான். முதலில் விருந்து மாடியில் தங்க ஹாலில் நடந்தது. கூட்டம் பெருத்ததால் 1974இலிருந்து கீழே வந்துவிட்டது. இப்போது மேலே டான்ஸ் மட்டும்.

#8 சும்மா பார்க்கிறவன்

எத்தனை இலை விழும்?

#9 பனிக்கால அணில்

1300 பேர் சுமார். ஒரே பந்தி. ஆளுக்கு மேசையில் 60 சென்டிமீட்டர், அளந்துதான் போடுவார்கள். ராஜா உட்கார்கிற நடு மேசையில் மட்டும் 70.

#10 சும்மா பார்க்கிறவன்

இரண்டு அடி! எங்கள் ஊர்ச் சமையல்காரர் இலைக்கு அவ்வளவுதான் விடுவார். ராஜாவுக்கு நாலு விரல் கூட, அவ்வளவுதானா.

#11 தேனிக்காரன்

இந்த இழையைப் போன ஜூனிலேயே யாராவது போட்டிருக்கக் கூடாதா. பத்து நாள் ஐரோப்பா பேக்கேஜில் வந்தோம், டிராவல்ஸ்காரர் பெயர் வேண்டாம். நோட்டீஸில் "நோபல் மண்டபம்" என்று போட்டிருந்தது. பஸ்ஸை நிறுத்தி, வளைவு வழியாக முற்றத்துக்குள் விட்டு, இருபது நிமிடம் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். உள்ளே எப்போது என்று கேட்டால் "இதுதான் உள்ளே" என்றார். நான் இத்தனை மாதமாகப் பார்த்துவிட்டேன் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

#12 பனிக்கால அணில்

அடப் பாவமே. அந்த முற்றமும் ஏரியைப் பார்த்த தோட்டமும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் போகிற இடம். கோபுரத்து அடியில் வெளிப்புறமாக ஒரு தங்கப் பேழை, மேலே ஒருவர் படுத்திருக்கிற மாதிரி, பார்த்தீர்களா? ஸ்டாக்ஹோமை உண்டாக்கியவர் என்று சொல்லப்படுகிற பிர்யர் யார்லுக்குக் கட்டின சமாதி. உள்ளே ஒன்றும் இல்லை. அவர் எலும்பை வார்ன்ஹெம் என்ற ஊர் மடத்திலிருந்து கொண்டுவரலாம் என்று செய்து வைத்தார்கள், கடைசிவரை வரவில்லை.

#13 தேனிக்காரன்

அதன் முன்னால் குடும்பத்தோடு கும்பிட்டு போட்டோ எடுத்தோம் அக்கா. வீட்டில் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்கிறது. இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

#14 ஒஸ்லோ மழை

நான் நோர்வேயில் இருபத்தைந்து வருசம். ஸ்ரொக்ஹோம் மண்டபமும் பார்த்திருக்கிறேன், எங்கட ஒஸ்லோ நகர மண்டபமும் தெரியும், ஆனபடியால் ஒரு மாற்றுக் கருத்து. சமாதானத்துக்கான நோபல் பரிசு ஒஸ்லோவில்தான் குடுக்கிறவை, 1990இலிருந்து அந்த மண்டபத்திலேயே. உள்ளே போகக் காசு இல்லை. கைடு பிறகாலே ஓடத் தேவையுமில்லை, கதவைத் திறந்து போய் நின்று பார்க்கலாம்.

ஒஸ்லோ மண்டபத்தில தங்கமும் இல்லை, முட்டைக்கண் ராணியும் இல்லை. 1931இல் அத்திவாரம் போட்டு, நடுவில யுத்தம் வந்து, 1950இல்தான் திறந்தவை. அதனால் சுவரில வரைஞ்சது முழுக்கச் சனம். ஹென்ரிக் ஸோரன்ஸனின் படம் ஒரு சுவர் முழுக்க, பக்கத்தில அல்ஃப் றொல்ஃப்ஸனின் சுவரோவியம். அதில ஜேர்மன்காரன் நாட்டைப் பிடிச்சு வைச்சிருந்த காலம் வரும். அந்தச் சுவருக்கு முன்னால நான் முதல்முறை நின்றது 90களின் கடைசியில, அகதி முகாமிலிருந்து வெளியே வந்த புதுசு. வீட்டு வாசலில படையாள் நிக்கிற மாதிரி ஒரு படம் சுவரில கிடந்தால் எங்களுக்கு அது ஓவியம் இல்லைத்தானே.

ஸ்ரொக்ஹோம் நல்ல வடிவு, மறுக்கேல்லை. இரண்டு ஊரையும் ஒருக்கா பார்த்திட்டுச் சொல்லுங்கோ.

#15 கொத்தனார் மகன்

அண்ணா, மறு பேச்சே இல்லை. அடுத்த முறை ஒஸ்லோ.

#16 வழிப்போக்கன்77

எல்லாருக்கும் நன்றி. ஒஸ்லோ தம்பி, நீங்கள் எழுதியதை மகளுக்கும் மருமகனுக்கும் படித்துக் காட்டினேன்.

இன்று காலை யாரிடமும் சொல்லாமல் மறுபடியும் போனேன். அதே முக்கால் மணி நேரம், வேறு கைடு, சின்னப் பெண். இந்தத் தடவை கேள்வித்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் பரீட்சைக்குப் போன மாதிரி.

கொத்தனார் தம்பி, தொட்டேன். நீங்கள் சொன்னது அத்தனையும் சரி. தூணோரம் ஒரு கல்லில் சுத்தியல் இறங்கின பள்ளம், பக்கத்துக் கல்லில் அதைவிடச் சின்னதாக நெருக்கமாக. ஆள் மாறியிருக்க வேண்டும், அல்லது அவருக்கே சாப்பாட்டு நேரம் வந்திருக்க வேண்டும். கூரைக்குக் கீழே வரிசையாக ஜன்னல், அதிலிருந்து விழுகிற வெளிச்சம் கொத்தின பள்ளத்தில் தங்கி, சுவர் ஒரே சிவப்பாக இல்லை. நேற்று இது கண்ணில் படவேயில்லை. நீலம் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய முற்றத்துக்கு மேல் கூரை போட்ட மாதிரிதான் அந்த ஹால், 50 மீட்டர் நீளம். ஒரு மூலையில் ஆர்கன் இருக்கிறதாம், 10 ஆயிரம் குழாய்க்கு மேல். யாரும் வாசிக்கவில்லை.

மாடியில் நகரசபை கூடுகிற அறையைப் போன தடவை சரியாகப் பார்க்கவில்லை. 101 பேர் உட்கார்கிற இடம். உத்தரம் திறந்து கிடக்கிறது, கவிழ்த்துப்போட்ட படகுக்குள் நிற்கிற மாதிரி. வைகிங் காலத்து வீடு அப்படித்தானாம். கூட்டம் நடக்கும்போது பொதுமக்கள் மேலே உட்கார்ந்து கேட்கலாம் என்றார். எங்கள் ஊராட்சிக் கூட்டத்திலேயே நான் ஒரு தடவைதான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்புறம் இளவரசர் கேலரி, இதை யாரும் எழுதவில்லையே. நீளமான அறை, ஒரு பக்கம் ஜன்னல், ஏரி தெரிகிறது. எதிர்ச் சுவரில் அதே ஏரி, அதே கரை, ஓவியமாக. வரைந்தவர் யூஜென், அன்றைய ராஜாவின் தம்பி, தொழிலே ஓவியம். விருந்தில் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்கிறவருக்கும் தண்ணீர் தெரியட்டும் என்று வரைந்தாராம். எனக்கு முழுக் கட்டடத்திலும் பிடித்தது இதுதான். எங்கள் வீட்டு விசேஷங்களில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைக்கிற ஆள் நான். அந்த இடத்தில் உட்கார்கிறவனை நினைத்து ஒரு இளவரசர் சுவரில் ஏறியிருக்கிறார்.

தங்க ஹால் விஷயத்தில் நான் மாறவில்லை. சுவருக்கு அருகே போனால் பரவாயில்லை, ஒரே தங்கம் இல்லை, பச்சை கலந்தது, பழுப்பு கலந்தது, நடுநடுவே மங்கினது என்று துண்டு துண்டாகத் தெரிகிறது. அந்தப் பெண் "தயவுசெய்து தொடாதீர்கள்" என்றார். தொடவில்லை. பத்தடி பின்னால் வந்தால் மறுபடியும் நகைக்கடை. ராணியும் அதே ராணிதான்.

யானை இருக்கிறது. எரிக்குக்குத் தலை இல்லை.

#17 சும்மா பார்க்கிறவன்

இரண்டு டிக்கெட் எடுத்தும் ராணி பாஸாகவில்லை.

#18 பனிக்கால அணில்

ஐயா, கோபுரம் ஏறினீர்களா? 106 மீட்டர். கோபன்ஹேகன் நகர மண்டபத்துக் கோபுரத்தைக் கொஞ்சம் முந்த வேண்டும் என்றே அந்த உயரம் என்று சொல்வார்கள். மேலேயிருந்து பார்த்தால் பழைய ஊர் முழுக்கக் காலடியில்.

#19 வழிப்போக்கன்77

அதையும் கேட்டேன். மே முதல் செப்டம்பர் வரைதான் திறப்பார்களாம், இப்போது அக்டோபர். மொத்தம் 365 படி, பாதிவரை லிஃப்ட் உண்டு, மிச்சம் நடைதான். மகள் அடுத்த வருடம் மே மாதத்துக்கு டிக்கெட் பார்க்கட்டுமா என்கிறாள். முழங்கால் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.